டாக்டர் பட்டத்துக்குப் பிறகும் படிப்பா?

மாதேசுவரன் மலையிலிருந்து இறங்கி, பாலாறு வழியாகக் காட்டுச் சாலையில் சென்றால் கோபிநத்தம் வரும். அரசாங்க மொழி கன்னடம்; வீட்டு மொழி தமிழ். பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1997இல் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. வீரப்பன் பிறந்த ஊர் என்று ஒரு காலத்தில் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்ட ஊர். அவ்வூராரின் நன்மைக்குப் பாடுபட்ட வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் இந்த மாவட்டத்து மலைகளில் சத்தமே போடாத எதிரி ஒன்று இன்னும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சோளகர் குடும்பங்களின் ரத்தத்தில் ஒளிந்துவரும் 'அரிவாள் செல் சோகை' என்னும் நோய்தான் அது.

இந்த நோய்க்கும், பெங்களூரிலும் மைசூரிலும் உள்ள பல தமிழ்க் குடும்பங்களில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. "பையன் டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று. இன்னும் எதற்கு 'போஸ்ட் டாக்' என்று படித்துக்கொண்டே இருக்கிறான்? எப்போதுதான் வேலைக்குப் போவான்?" என்பதே அந்தக் கேள்வி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

அரிவாளாக வளையும் அணுக்கள்

மனித ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் தட்டையான வட்ட வடிவம் கொண்டவை. நடுவே சற்றுக் குழிந்திருக்கும். எவ்வளவு குறுகிய ரத்தக்குழாய் ஆனாலும் வளைந்து நெளிந்து உள்ளே புகுந்து போய்விடும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்.

அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கு, பிராணவாயு குறையும்போது இந்த அணுக்கள் கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து விறைத்துவிடுகின்றன. குறுகிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. உடம்பில் பொறுக்க முடியாத வலி வருகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு பத்து இருபது நாளிலேயே அழிந்துபோவதால் சோகை தீர்வதே இல்லை.

தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறை வந்தால் பிள்ளைக்கு நோய் இல்லை. குறையைச் சுமப்பவராக மட்டும் இருப்பார். சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சிறு சமூகங்களில் தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பதால், இருவர் அப்படிச் சேர்வது சகஜமாகிவிடுகிறது.

தென்னிந்தியாவில் இக்குறை இருப்பது 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் செய்த பரிசோதனையில்தான் தெரியவந்தது. 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு இந்நோயை ஒழிக்கத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதில் சேர்ந்த 17 மாநிலங்களில் கர்நாடகமும் உண்டு, தமிழ்நாடும் உண்டு. 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் குறிக்கோள்.

யார் செய்த வேலை?

இந்த நோயின் மூலத்தைக் கண்டுபிடித்தவர் என்று அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கின் பெயரைப் பாடப் புத்தகங்கள் சொல்லும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே மாறுபட்டிருக்கிறது என்பதை 1949இல் அவருடைய குழு நிரூபித்தது. ஒரு நோயின் காரணம் ஒரே ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

அந்தக் கட்டுரையில் பாலிங்குடன் மேலும் மூவர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எஸ். ஜொனாதன் சிங்கர். 1947இல் டாக்டர் பட்டம் பெற்றவுடன் பாலிங்கின் சோதனைச்சாலைக்கு வந்து சேர்ந்த இளைஞர். இன்றைய பேச்சில் சொன்னால் அவர் ஒரு 'போஸ்ட் டாக்'. இதே சிங்கர்தான் பிற்காலத்தில், 1972இல், நிக்கல்சன் என்பவருடன் சேர்ந்து, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு எப்படி அமைந்திருக்கிறது என்பதை விளக்கினார். செல் உயிரியல் படிக்கும் கல்லூரி மாணவர் எவரும் அந்த விளக்கத்தைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது.

இந்நோய்க்கு இப்போது வந்திருக்கும் மரபணுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். மரபணுவைக் கத்தரித்துத் திருத்தும் 'கிரிஸ்பர்' முறைக்காக ஜெனிஃபர் டவுட்னா, எமானுவேல் ஷார்பென்டியே என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த முறையை அறிவித்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் மார்ட்டின் யினெக் என்பவருடையது. டவுட்னாவின் சோதனைச்சாலையில் அப்போது போஸ்ட் டாக்காக இருந்தவர் அவர். பதினொரு ஆண்டு கழித்து, 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இந்த முறையில் செய்யப்பட்ட அரிவாள் செல் சிகிச்சைக்கு அனுமதி தந்தன.

தலைவர் பெயர் உலகுக்குத் தெரிகிறது. இரவு பகலாகச் சோதனைக் குழாயுடன் நின்றவர் பெயர் பெரும்பாலும் கட்டுரையின் முதல் வரியோடு நின்றுவிடுகிறது.

அரங்கேற்றத்துக்குப் பிறகு

போஸ்ட் டாக் என்பது பரீட்சை எழுதும் படிப்பு அல்ல. அதற்குத் தனிப் பட்டமும் கிடையாது. சங்கீதத்தில் அரங்கேற்றம் முடிந்த பிறகும் ஒரு பெரிய வித்வானுடன் சில ஆண்டுகள் கூடவே இருந்து, பின்பாட்டுப் பாடி, கச்சேரி நடத்தும் நுணுக்கத்தைக் கற்றுக்கொள்வார்கள் அல்லவா? ஏறக்குறைய அதைப் போன்றது.

டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் ஆசிரியர் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். போஸ்ட் டாக் ஆகும்போது, புதிய சோதனைச்சாலையில், பல சமயம் புதிய துறையில், சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேட வேண்டும். கட்டுரை எழுதுவது, நிதி கேட்டு விண்ணப்பிப்பது, இளைய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இந்தக் காலத்தில்தான் கைவருகின்றன. நல்ல ஆராய்ச்சி நிறுவனங்களில் ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க இந்த அனுபவம் அநேகமாக இன்றியமையாதது.

மூவர் பட்ட பாடு

இந்தக் காலம் எல்லாருக்கும் சோதனையான காலமாகவே இருந்திருக்கிறது.

பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா 1948இல் லிவர்பூலில் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்து ஸுரிக் நகரில் பேராசிரியர் பிரெலாக்கிடம் ஏறத்தாழ ஓராண்டு உபகாரச் சம்பளமே இல்லாமல், கையிலிருந்த சேமிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்தார். 1949இல் தாயகம் திரும்பினார். இங்கே வேலை கிடைக்கவில்லை. மீண்டும் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்றார். 1968இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மரபணுவின் எழுத்துக்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றியது.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதை இன்னும் விசித்திரம். 1976இல் அவர் வாங்கிய டாக்டர் பட்டம் பௌதிகத்தில். மனம் உயிரியலுக்குப் போய்விட்டது. பட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கலிபோர்னியாவில் மறுபடியும் மாணவராக இரண்டாண்டு உயிரியல் படித்தார். 1978 முதல் 1982 வரை யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட் டாக். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலையான ரைபோசோமைப் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. அதை முடித்துச் சுமார் ஐம்பது கல்லூரிகளுக்கு வேலை கேட்டு விண்ணப்பித்தார். ஒன்றிலும் வேலை கிடைக்கவில்லை. தேசிய சோதனைச்சாலைகளில் பணி செய்து, 1999இல் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துக் கேம்பிரிட்ஜ் சென்றார். 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

ஹங்கேரி நாட்டுப் பெண்மணி காத்தலின் காரிக்கோ 1985இல் கணவருடனும் சின்னஞ்சிறு மகளுடனும் அமெரிக்காவுக்குப் போஸ்ட் டாக்காகப் புறப்பட்டார். வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோக அன்று அனுமதி இல்லை. காரை விற்றுக் கிடைத்த சுமார் 900 பவுனை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போனார். நிதி கிடைக்காமல் 1995இல் பதவி இறக்கத்தையும் சந்தித்தார். அவர் விடாமல் பற்றியிருந்த 'எம்.ஆர்.என்.ஏ.' ஆராய்ச்சிதான் கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படை ஆயிற்று. 2023இல் அவருக்கும் நோபல் பரிசு.

இவர்கள் மூவரும் வென்றவர்கள். இவர்களைப் போலவே உழைத்து, பரிசும் பதவியும் இல்லாமல் ஒதுங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆகவே, "பொறுத்தால் நோபல் பரிசு" என்று பிள்ளைகளிடம் சொல்லுவது நியாயமாகாது. பிழைப்புக்கான கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பதினெட்டு வயதில் பி.யூ.சி. முடிக்கும் மாணவர், பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. முடிக்க 23 வயது ஆகும். டாக்டர் பட்டத்துக்கு ஐந்து, ஆறு ஆண்டுகள். அதற்குள் 29. பிறகு போஸ்ட் டாக் நாலைந்து ஆண்டுகள் என்றால் 33, 34 வயது. கூடப் படித்தவர் 22 வயதிலேயே பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, இதற்குள் வீடும் வாங்கியிருப்பார்.

உபகாரச் சம்பளம் எவ்வளவு? மத்திய அரசு 2023 ஜனவரி 1 முதல் நிர்ணயித்தபடி, டாக்டர் பட்ட ஆராய்ச்சியின் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பட்டம் பெற்ற பின் 'ரிசர்ச் அசோசியேட்' ஆகச் சேர்ந்தால், அனுபவத்துக்கு ஏற்ப 58,000, 61,000, 67,000 என்று மூன்று படிகள். வீட்டு வாடகைப் படி தனி. முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். ஆனால் இது சம்பளம் அல்ல, உதவித்தொகை. திட்டம் முடிந்தால் தொகையும் முடிந்தது. தொகை மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது என்று ஆராய்ச்சி மாணவர்கள் பல முறை வீதிக்கு வந்து போராடியும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பாதையும் முன்போல் நேராக இல்லை. அமெரிக்காவில் 2025இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான மானியங்கள் பல வெட்டப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. "அமெரிக்கா போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையில் மட்டும் இந்தத் துறைக்கு வருவது விவேகம் ஆகாது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். டாக்டர் பட்டமும் போஸ்ட் டாக்கும் நடக்கும் வயதுதான் கல்யாணமும் குழந்தைப் பேறும் நடக்கும் வயது. "இரண்டு வருடம் நிறுத்திவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். செல் உயிரியலில் இரண்டு வருடம் என்பது ஒரு தலைமுறை. இடைவெளி விட்ட பெண்களை மீண்டும் சோதனைச்சாலைக்கு அழைத்துவர, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 'பயோகேர்' என்ற உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. இத்தகைய திட்டங்கள் உண்டு என்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

பெங்களூரில் என்ன இருக்கிறது?

இவ்வளவும் கேட்டுப் பயந்துவிட வேண்டியதில்லை. கர்நாடகத் தமிழர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இந்தத் துறையில் நாட்டின் தலைசிறந்த நிறுவனங்களில் சில பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கின்றன.

1909இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிர் வேதியியல் துறை 1921 முதல் நடந்துவருகிறது. மலேரியா ஆராய்ச்சியில் பெயர் பெற்ற சென்னைக்காரர் ஜி. பத்மநாபன் அந்தத் துறையில் வளர்ந்து, 1994 முதல் 1998 வரை கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையம் 1989இல் தொடங்கப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையாக ஒபைத் சித்திகி உருவாக்கிய தேசிய உயிரியல் மையம், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 2009இல் 'இன்ஸ்டெம்' என்னும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது.

இவற்றில் பி.எஸ்ஸி. முடித்தவுடனேயே சேரக்கூடிய ஒருங்கிணைந்த டாக்டர் பட்டப் படிப்புகள் உண்டு. தேர்வில் வென்று சேர்ந்துவிட்டால் உபகாரச் சம்பளமும் கிடைக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை. நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் மருத்துவத்துக்கும் தமக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிட்டது என்று மனம் ஒடிந்துபோகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளியின் நாடியைப் பிடிப்பது ஒரு மருத்துவம். நோயின் வேரைப் பிடிப்பதும் மருத்துவமே.

வெளிநாடு சென்றவர் திரும்பிவரவும் வழி உண்டு. கணித மேதை ராமானுஜன் பெயரில் ஒரு உதவித் திட்டமும், இமயமலை அடிவாரமாகிய காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பால் கழலை நோயைத் தடுத்துக் காட்டிய டாக்டர் வி. ராமலிங்கசாமியின் பெயரில் ஒரு திட்டமும் ஏற்படுத்தப்பட்டன. ஐந்தாண்டுக்கு ஊதியமும் ஆராய்ச்சிப் பணமும் தருபவை. ஐந்தாண்டுக்குப் பிறகு நிரந்தர வேலை உறுதியா என்றால், உறுதி இல்லை. இந்த இடத்தில்தான் பாலம் பாதியில் நிற்கிறது.

முன்கூட்டிக் கேட்க வேண்டியவை

போஸ்ட் டாக் செய்ய விரும்புகிறவர்கள் சேருவதற்கு முன் சில விஷயங்களை விசாரித்துக்கொள்வது நல்லது. அந்தச் சோதனைச்சாலையில் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நிதி எத்தனை ஆண்டுக்கு உண்டு? வெளியேறும்போது ஆராய்ச்சியின் எந்தப் பகுதியைச் சொந்தமாக எடுத்துக்கொண்டு போகலாம்? தலைவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், அங்கே இப்போது வேலை செய்கிறவரிடம் தனியே கேட்கலாம். பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் பத்துப் பேரிடம் விசாரிக்கும் சமூகம் இது. வாழ்க்கையின் ஐந்து ஆண்டுகளைக் கொடுக்கும்போது விசாரிக்காமல் விடலாமா?

பேராசிரியர் பதவி மட்டுமே வெற்றி என்று நினைப்பதும் தவறு. போஸ்ட் டாக் செய்தவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர் ஆவதில்லை. மருந்துக் கம்பெனி, ரத்தப் பரிசோதனைக் கருவி தயாரிப்பு, காப்புரிமை அலுவலகம், மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவு என்று பல இடங்களில் அவர்களுக்குத் தேவை இருக்கிறது. 1978இல் பெங்களூரில் தோன்றிய பயோகான் போன்ற கம்பெனிகள் வளர்ந்ததும் இத்தகைய படிப்பாளிகளை வைத்துத்தான். எத்தனையாவது ஆண்டில் பாதையை மாற்றிக்கொள்வது என்று முதலிலேயே ஒரு எல்லை வகுத்துக்கொள்வது தோல்வி ஆகாது. சொந்தமாகப் பயிர் செய்கிறவர் மழையைப் பார்த்து விதையை மாற்றுவது இல்லையா, அதுபோலத்தான்.

வேலூரில் நடந்தது

அரிவாள் செல் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிரிஸ்பர் சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். சாமராஜநகர் மலைகளில் வாழும் குடும்பம் எதுவும் கனவிலும் எண்ண முடியாத தொகை. இத்தகைய சிகிச்சையை நம் நாட்டிலேயே, நம் கைக்கு எட்டும் செலவில் செய்துகாட்டினால்தான் மலைவாழ் மக்களுக்குப் பயன்.

அது நடக்கக்கூடியதே என்பதற்கு வேலூர் சாட்சி. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பெங்களூர் இன்ஸ்டெம் நிறுவனத்தின் பிரிவாக இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தைக் கொண்டிருக்கிறது. அடிபட்டால் ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் கொண்ட ஐந்து பேருக்கு அங்கே மரபணுச் சிகிச்சை அளித்தார்கள். அதன் நல்ல முடிவுகள் 2024 டிசம்பரில் உலகின் முதன்மையான மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தன. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் கூட்டாக நடந்த வேலை. அடுத்து, அரிவாள் செல் நோய்க்கென்றே தில்லி விஞ்ஞானிகள் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சை, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக 'பிர்சா 101' என்ற பெயரில் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. நோயாளிகளுக்கு அது பரவலாகக் கிடைக்க இன்னும் பல படிகள் உண்டு.

அந்தப் படிகளை ஏறப் போகிறவர்கள் யார்? முப்பதைத் தாண்டியும் நிரந்தர வேலை இல்லாமல், இரவில் சோதனைச்சாலை விளக்கை அணைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற இளைஞர்கள்தான். அவர்களுக்கு மாதத் தொகை மாதம் தவறாமல் போய்ச் சேர வேண்டும். ஐந்தாண்டு முடிவில் ஒரு நிலையான இடம் கண்ணில் தெரிய வேண்டும். இது அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம்.

வீட்டார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. "இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாயா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த நோயைப் பற்றி வேலை செய்கிறாய்?" என்று கேட்டுப் பார்க்கலாம். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் பதில் சொல்ல அந்தப் பிள்ளை நிச்சயம் தயாராக இருக்கும்.